காடெல்லாம் இலை… கோவாலாவுக்குப் பட்டினி!

தைல மரத்து இலையை நம்பி வாழும் ஆஸ்திரேலியாவின் செல்ல விலங்கு, தைல மரங்களுக்கு நடுவிலேயே பசியால் சாகிறது. அது எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது, ஏன் ஒதுக்குகிறது என்று தெரியாமல் அதைக் காப்பாற்ற முடியாது.

2013-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கடலை ஒட்டிய கேப் ஓட்வே பகுதி. 'மன்னா கம்' என்ற யூகலிப்டஸ் மரங்கள் நிறைந்த காட்டில் கோவாலாக்கள் எலும்பும் தோலுமாகக் கிளைகளைக் கட்டிக்கொண்டு கிடந்தன. மரங்களில் இலை இல்லை. கோவாலாக்களின் எண்ணிக்கை மரங்கள் தாங்கும் அளவைவிடப் பல மடங்கு பெருகி, கொழுந்து விடவிட மொட்டையடித்து, மரங்களே பட்டுப்போகத் தொடங்கியிருந்தன. கூப்பிடு தூரத்தில் 'மெஸ்மேட்' என்ற இன்னொரு யூகலிப்டஸ் இனம் பச்சைப்பசேல் என்று தழைத்து நின்றது. பெரும்பாலான கோவாலாக்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. 2013, 2014 ஆண்டுகளில், இனிப் பிழைக்காது என்று கைவிடப்பட்ட கிட்டத்தட்ட 700 கோவாலாக்களைக் கால்நடை மருத்துவர்கள் கருணைக்கொலை செய்தார்கள்.

பக்கத்துக் காட்டில் இலை இருக்க, பட்டினி கிடந்து சாவானேன்? சோம்பேறி விலங்கு, மந்த புத்தி என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். விடை வேறு இடத்தில் இருக்கிறது. அது இலையின் ரசாயனத்தில், கோவாலாவின் மூக்கில், கல்லீரலில், குடலில், அந்தக் குடலுக்குள் வாழும் நுண்ணுயிர்களில் ஒளிந்திருக்கிறது.

நஞ்சும் நாரும்

கோவாலாவுக்குக் கரடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டாலும் அது கரடி இனமே இல்லை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பை விலங்கு. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா என நாட்டின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் வாழ்கிறது. வடக்கே இருப்பவை சிறியவை. குளிரான தெற்கே போகப் போக உடல் பெருத்து, ரோமம் அடர்ந்துவிடும். வளர்ந்த கோவாலா 4 கிலோவிலிருந்து 15 கிலோ வரை எடையிருக்கும். நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இலை தின்னும்.

அந்த இலை நமக்கு அந்நியமானது அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து மலையெல்லாம் பரவிய மரம். நீலகிரித் தைலம் காய்ச்சும் மரம். சமவெளியில் தைல மரம், ஆர்.எஸ். பதி மரம் என்று சொல்கிறோம். ஆடு மாடு அதன் இலையைச் சீண்டுவதில்லை என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற உயிர்கள் தன்னைத் தின்றுவிடக் கூடாது என்றே அந்த மரம் இலைக்குள் ஒரு தற்காப்புப் படையை வைத்திருக்கிறது.

முதலில் நார். இலையில் நார்ச்சத்து மிகுதி, புரதம் சொற்பம், உடலுக்குக் கிடைக்கும் சக்தியும் குறைவு. அடுத்து டானின். ஆவாரம்பட்டையைப் போட்டுத் தோல் பதனிடுவார்களே, அந்தப் பட்டையில் வேலை செய்வதும் இதுதான். தோலில் உள்ள புரதத்தை டானின் இறுகப் பற்றிக்கொள்வதால்தான் தோல் கெடாமல் பதமாகிறது. இலையைத் தின்ற விலங்கின் குடலிலும் அதையேதான் செய்கிறது. இருக்கும் கொஞ்சப் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சீரணிக்க விடாது. மூன்றாவது, மூக்கைத் துளைக்கும் தைலம். சினியோல் முதலான இந்த எண்ணெய்கள் அளவு மீறினால் உடலுக்கு நஞ்சு. நாலாவதாக, ஃபுளோரோகுளூசினால் வகைச் சேர்மங்கள் சில. இவை மிகுந்த இலையைத் தின்றால் குமட்டல் எடுக்கும். கோவாலா ஒரு மரத்தில் எவ்வளவு தின்னும், எப்போது நிறுத்தும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை இவைதான்.

இத்தனை காவலையும் மீறி ஒரு விலங்கு இதையே அன்றாட உணவாக்கிக்கொண்டது என்றால், அதில் ஒரு லாபமும் இருக்கிறது. போட்டி குறைந்த பந்தி அது. ஆனால் அந்தப் பந்தியில் உட்காரக் கொடுக்கும் விலை பெரிது.

முகர்ந்து பார்த்து, பிறகு ஒரு கடி

பொழுது சாயும் நேரம். கவட்டையில் சுருண்டு கிடந்த கோவாலா மெல்ல அசைந்து கிளை நுனிக்கு நகர்கிறது. ஒரு கையால் கொத்தை இழுக்கிறது. அந்தக் கையில் ஐந்து விரல். அதில் இரண்டு, மற்ற மூன்றுக்கும் எதிராக மடங்கும் கட்டைவிரல் மாதிரி இயங்குகின்றன. பிடி நழுவாது. கொத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறது. பெரிய, கறுத்த மூக்கு. விட்டுவிடுகிறது. அடுத்த கொத்து. மறுபடி முகர்கிறது. இந்த முறை ஓர் இலையை முன்பல்லால் நறுக்கென்று கடித்து, கடைவாய்க்குத் தள்ளி, கண் பாதி மூடி, நிதானமாக மெல்லுகிறது. ஒரு தடவை உட்கார்ந்தால் இருபது நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். ஒரு நாளில் இப்படி நாலைந்து தடவை; பெரும்பாலும் இரவில்.

யூகலிப்டஸ் குடும்பத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கோவாலாக்கள் தின்பது அவற்றில் ஒரு பகுதிதான். ஒரு வட்டாரத்தில் வாழும் கோவாலா விரும்பித் தின்பது அதிலும் சொற்பம். விக்டோரியாவில் மன்னா கம். ஆற்றோரங்களில் ரிவர் ரெட் கம். நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்துக் கரையோரங்களில் ஃபாரஸ்ட் ரெட் கம், ஸ்வாம்ப் மஹோகனி, டேலோவுட் என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும்.

இனம் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. ஒரே இனத்தைச் சேர்ந்த, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றை கோவாலா தேடிவந்து தின்னும். மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் மூரும் வில்லியம் ஃபோலியும் விக்டோரியாவின் பிலிப் தீவில் மரம் மரமாக இலைகளை ஆராய்ந்து, கோவாலாக்கள் எந்த மரத்துக்கு வருகின்றன என்பதோடு ஒப்பிட்டார்கள். 2005-இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதியது காட்டைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. கோவாலாக்கள் பெரிய மரங்களை நாடின. குமட்டல் சேர்மங்கள் மிகுந்த மரங்களைத் தவிர்த்தன. மனிதக் கண்ணுக்கு ஒரே மாதிரி நிற்கும் தோப்பு, கோவாலாவின் மூக்குக்கு உண்ணத் தக்கதும் தகாததும் கலந்த வரைபடம். எத்தனை மரம் இருக்கிறது என்று எண்ணி, இத்தனை கோவாலா வாழலாம் என்று கணக்குப் போடுவது அதனால்தான் தப்பாகிப் போகிறது.

இரண்டு மீட்டர் பை

தேர்ந்தெடுத்து விழுங்கிய இலையையும் சும்மா சீரணித்துவிட முடியாது. முதல் வேலை பல்லுக்கு. கடைவாய்ப் பற்களின் கூரான விளிம்புகள் இலையைப் பொடிப்பொடியாக நறுக்கினால்தான் உள்ளே இருக்கும் சத்து வெளியே வரும். வயது ஏற ஏற அந்த விளிம்பு தேய்கிறது. தேயத் தேய, கோவாலா அதே சத்துக்கு அதிக நேரம் மெல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்துக்குமேல் எவ்வளவு மென்றாலும் ஈடுகட்டாது. காட்டில் முதுமை வரை தாக்குப்பிடிக்கும் கோவாலாக்களில் பலவற்றின் முடிவு, தேய்ந்த பல்லால் வரும் பட்டினிதான்.

அடுத்தது கல்லீரல். 2018-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ரெபெக்கா ஜான்சனும் சிட்னி பல்கலைக்கழகத்தின் கேத்தரின் பெலோவும் தலைமையேற்ற குழு, கோவாலாவின் முழு மரபணுத் தொகுப்பை 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளியிட்டது. நஞ்சை முறிக்கும் நொதிகளை உண்டாக்கும் ஒரு மரபணுக் குடும்பம் கோவாலாவில் பெருகிக் கிடந்தது. அந்த வகையில் மட்டும் 31 மரபணுக்கள். வேறு விலங்குக்கு விஷமாகும் அளவை கோவாலாவின் கல்லீரல் சிதைத்துக் கழித்துவிடும். கசப்பை உணரும் மரபணுக்களும் கூடுதலாக இருந்தன. எதைத் துப்ப வேண்டும் என்று நாக்கு சொல்கிறது. தப்பி உள்ளே போனதைக் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது, குடல். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பை உண்டு. மருத்துவர்கள் சீக்கம் என்பார்கள். நம் உடலில் அது சில சென்டிமீட்டர்தான். குடல்வால் தொங்குவது அதிலிருந்துதான். கோவாலாவுக்கு அது இரண்டு மீட்டர் வரை நீளும். விலங்கின் உடல் நீளமே முக்கால் மீட்டர் அளவுதான் என்பதை நினைத்தால் இதன் பிரம்மாண்டம் புரியும். பெரிய துணுக்குகள் சீக்கிரம் வெளியே போய்விடும். மையாக அரைந்த நுண்துகள்கள் இந்தப் பைக்குள் தங்கும். ஒரு வாரத்துக்குமேல்கூடத் தங்கும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து, நாரிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கின்றன. டானின் பற்றிக்கொண்ட புரதத்தை விடுவிக்கும் பாக்டீரியாக்களும் அவற்றில் உண்டு. 1995-இல் விஞ்ஞானிகள் விவரித்த ஒன்றுக்கு கோவாலாவின் பெயரையே சூட்டினார்கள்: லோனெபினெல்லா கோவாலாரம்.

இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் சக்தி சொற்பம். ஆகவே கோவாலா செலவைக் குறைக்கிறது. நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கத்திலும் ஓய்விலும் கழிகிறது. தைல வாசனையில் போதையேறிக் கிடக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், அது கட்டுக்கதை. வரவுக்கு ஏற்ற செலவு என்று அந்த உடல் கற்றுக்கொண்ட சிக்கனம்தான் அது. சேமிப்பு என்று கொழுப்பும் அதிகம் கிடையாது. சில நாள் இலை கிடைக்காவிட்டால் நிலைமை கைமீறிவிடும்.

தாய் ஊட்டும் முதல் கவளம்

பிறக்கும்போது கோவாலாக் குட்டி இரண்டு சென்டிமீட்டர்தான். எடை அரை கிராம். கண் திறக்காமல், காது வளராமல், தானே ஊர்ந்து தாயின் பைக்குள் போய்க் காம்பைப் பற்றிக்கொள்கிறது. ஆறு மாதம் பால்தான். அந்தப் பாலிலிருந்து நஞ்சும் நாருமான இலைக்கு எப்படி மாறுவது? இலையைச் சீரணிக்கும் பாக்டீரியா குட்டியின் குடலில் இல்லையே!

வழியைத் தாயே தருகிறாள். குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்போது, தாய் தன் சீக்கத்திலிருந்து மென்மையான, குழைவான ஒரு கழிவை வெளியேற்றுகிறாள். வழக்கமான உருண்டைப் புழுக்கையிலிருந்து இது வேறு. பையின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் குட்டிக்கு எட்டும் தூரம். தலையை நீட்டி, முகமெல்லாம் பூசிக்கொண்டு, ஆவலோடு உண்கிறது. அருவருக்க இதில் ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாய்வழியே இறங்கிவரும் பாக்டீரியாப் படை இந்த உணவில்தான் குட்டிக்குக் கைமாறுகிறது. இது நடந்த பிறகே குட்டி இலையைக் கொறிக்கத் தொடங்கும். சாலை விபத்தில் தாயை இழந்த குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்கள்கூட, ஆரோக்கியமான வேறொரு கோவாலாவின் கழிவைப் பாலில் கரைத்து ஊட்டுவதுண்டு.

கேப் ஓட்வே புதிருக்கான விடையும் இங்கேதான் கிடைத்தது. மைக்கேலா பிளைட்டனும் சக ஆய்வாளர்களும், மன்னா கம் மட்டுமே தின்று பழகிய கோவாலாக்களின் குடல் நுண்ணுயிர்களும் மெஸ்மேட் தின்னும் கோவாலாக்களின் நுண்ணுயிர்களும் வேறுவேறாக இருப்பதைக் கண்டார்கள். மெஸ்மேட் இலை சத்துக் குறைந்தது, சீரணிக்கக் கடினமானது. காட்டிலிருந்து 12 கோவாலாக்களைப் பிடித்து, பாதிக்கு மெஸ்மேட் தின்னும் கோவாலாக்களின் கழிவிலிருந்து செய்த மாத்திரைகளையும், மீதிக்கு மன்னா கம் தின்னும் கோவாலாக்களின் கழிவிலிருந்து செய்த மாத்திரைகளையும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் குடல் நுண்ணுயிர்கள் மாறின. எந்த அளவுக்கு மாறினவோ அந்த அளவுக்கு அவை மெஸ்மேட் இலையைக் கூடுதலாகத் தின்றன. 2019-இல் வெளியான இந்த ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கியது. பிடிவாதம் என்று நாம் நினைத்த குணத்தில் பெரும்பங்கு குடலுக்கு உரியது. உயிரோடு பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணத்துக்கும் இது ஓர் எச்சரிக்கை.

மருந்தே பட்டினி போட்டால்

கோவாலாக்களைச் சூறையாடும் நோய் கிளமிடியா. கண்ணைக் குருடாக்கும், சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும், பெண் கோவாலாக்களை மலடாக்கும். பாக்டீரியா நோய்தானே, ஆன்டிபயாடிக் கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் இலையைச் சீரணிக்கும் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடுகிறது. நோய் தீர்ந்த கோவாலா, வயிறு நிறைய இலை தின்றும் மெலிந்து சாவதைப் பராமரிப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தைல நஞ்சை முறிக்கும் அதே கல்லீரல், மெலாக்ஸிகாம் போன்ற வலிநிவாரணிகளையும் விறுவிறுவென்று சிதைத்துவிடுகிறது. மருந்து வேலை செய்ய அவகாசமே கிடைப்பதில்லை.

அதனால்தான் தடுப்பூசிக்கு இவ்வளவு முக்கியத்துவம். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டிம்ஸ் தலைமையில் பல ஆண்டு உழைப்பில் உருவான கிளமிடியா தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. நோய் வராமல் தடுப்பது இந்த விலங்குக்கு அதன் சாப்பாட்டையும் சேர்த்துக் காப்பாற்றுவதாகும்.

தண்ணீர் எங்கே?

கோவாலா தண்ணீரே குடிக்காது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இலையில் உள்ள ஈரம் பெருமளவு தேவையைத் தீர்க்கும் என்பது உண்மை. ஆனால் சிட்னி பல்கலைக்கழகத்தின் வாலன்டினா மெல்லா 2020-இல் வெளியிட்ட ஆய்வு, மழை பெய்யும்போது வழவழப்பான அடிமரத்தில் வழிந்தோடும் நீரைக் கோவாலாக்கள் நக்கிக் குடிப்பதைப் பதிவு செய்தது. மழையில் அவற்றை யாரும் கவனிக்காததால் இத்தனை காலம் தெரியாமல் போயிற்று. நியூ சவுத் வேல்ஸின் கன்னடா பகுதியில் வெயிலும் வறட்சியும் வாட்டிய காலத்தில், மரத்தில் கட்டிவைத்த தண்ணீர்த் தொட்டிகளையும் அவை தேடி வந்தன. வெப்பம் ஏறி, மழை பொய்த்து, இலையின் ஈரம் குறையும்போது, இலை மட்டும் போதாமல் போகிறது. காற்றில் கரியமில வாயு கூடக் கூட யூகலிப்டஸ் இலையில் புரதத்துக்கு ஆதாரமான நைட்ரஜன் குறைகிறது என்பதையும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே சொற்பமான சத்து, மேலும் சொற்பமாகும்.

விமானம் ஏறும் இலை

வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களுக்கு கோவாலா வந்தால் கூடவே இலையும் வர வேண்டும். அமெரிக்காவின் சான் டியேகோ பூங்கா 1925-லிருந்து கோவாலாவோடு தொடர்புடையது. தன் வளாகத்திலேயே யூகலிப்டஸ் வளர்க்கிறது. ஜப்பானுக்கு 1984-இல் முதல் கோவாலாக்கள் போய்ச் சேரும் முன்பே பூங்காக்கள் மரம் நட்டு வளர்த்தன. 2015-இல் சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டு சுதந்திரப் பரிசாக நான்கு கோவாலாக்களை ஆஸ்திரேலியா இரவல் கொடுத்தபோது, அவற்றுக்கான இலை ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்தது. காட்டில் கோவாலா தானே முகர்ந்து தேர்ந்தெடுப்பதைப் பூங்காவில் மனிதர்கள் அனுமானித்துச் செய்ய வேண்டும். பல இனங்களின் கிளைகளைத் தினமும் புதிதாக வெட்டிக் கொடுத்தாலும், பிடிக்காததை அது அப்படியே விட்டுவிடும்.

நல்ல மண் யாருக்கு?

இப்போது அரசியலுக்கு வருவோம். கோவாலாவுக்குப் பிடித்த, சத்துள்ள இலை வளரும் மரங்கள் பெரும்பாலும் நிற்பது ஆற்றுப் படுகையிலும் கரையோரச் சமவெளியிலும், வளமான மண்ணில். பண்ணை போடவும் வீட்டு மனை பிரிக்கவும் மனிதர்கள் முதலில் தேடிப்போனதும் அதே மண்தான். குடியேறியவர்கள் வெட்டி அழித்தது வெறும் காட்டை மட்டுமல்ல. கோவாலாவின் சாப்பாட்டில் மிகச் சிறந்த பங்கை. அதற்குமேல் ரோமத்துக்காக வேட்டை. 1927-இல் குவீன்ஸ்லாந்து அரசு ஒரே மாதம் அனுமதித்த வேட்டையில் மட்டும் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. வேட்டை நின்றுவிட்டது. மரம் வெட்டுவது நிற்கவில்லை.

இந்தச் சண்டை சட்டப் புத்தகத்திலும் ஏறியது. நியூ சவுத் வேல்ஸ் 1995-இல் கொண்டுவந்த கோவாலா பாதுகாப்புக் கொள்கையில், உணவு மரங்கள் என்று பத்து இனங்கள் மட்டுமே இடம்பெற்றன. பட்டியலில் இல்லாத மரத்தை கோவாலா தின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது உணவல்ல. 2019-இல் பட்டியலை 123 இனங்களாக விரித்தபோது நில உரிமையாளர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பி, 2020 செப்டம்பரில் மாநில ஆளுங்கூட்டணியே ஆட்டம் கண்டது. அதே ஆண்டு ஜூனில்தான் அம்மாநில நாடாளுமன்றக் குழு, தலையிடாவிட்டால் 2050-க்கு முன்பே நியூ சவுத் வேல்ஸில் கோவாலா அற்றுப்போகும் என்று அறிக்கை கொடுத்திருந்தது.

2019-20 கோடையின் பெருந்தீயில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோவாலாக்கள் பாதிக்கப்பட்டன என்று உலக இயற்கை நிதியம் மதிப்பிட்டது. தீயில் தப்பியவற்றுக்கும் தின்ன இலை இல்லை. 2025 மார்ச்சில் விக்டோரியாவின் புஜ் பிம் தேசியப் பூங்காவில் மின்னல் மூட்டிய தீ ஏறத்தாழ 2,200 ஹெக்டேரை எரித்தபோது, காயத்தோடும் பசியோடும் மரத்தில் மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான கோவாலாக்களை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் கொல்ல அரசு உத்தரவிட்டது. அதே தென்மேற்கு விக்டோரியாவில், காகிதக் கூழுக்காக நட்ட ப்ளூ கம் தோட்டங்களில் கோவாலாக்கள் பெருகுகின்றன. நம் நீலகிரியில் தைலம் எடுக்கும் அதே இனம். மரம் முற்றியதும் அறுவடை நடக்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களின் இலையை நம்பி வாழ்ந்த கூட்டம் அதன்பின் எங்கே போகும்?

வடக்கே அழிவின் விளிம்பு, தெற்கே சில இடங்களில் மிதமிஞ்சிய நெரிசல் என்ற முரணுக்கு ஒரு முக்கியக் காரணம்: காடு துண்டு துண்டாகிவிட்டது. ஒரு துண்டில் இலை தீர்ந்தால் அடுத்த துண்டுக்குப் போக வழியில்லை. நடுவே நெடுஞ்சாலை, வேலி, நாய். 2022 பிப்ரவரியில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பிரதேசம் ஆகியவற்றில் கோவாலா அழிவின் அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, 1,76,000 ஹெக்டேர் அரசுக் காட்டைச் சேர்த்து 'மாபெரும் கோவாலா தேசியப் பூங்கா' அமைப்பதாக அறிவித்து, அந்த எல்லைக்குள் மரம் வெட்டுவதை நிறுத்தியது. பல்லாண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி இது. மனமார வரவேற்க வேண்டியது.

ஆனால் பரப்பளவு பாதி விடைதான். மரக்கன்று நடும் விழாக்கள் நல்லவையே. நட்ட கன்று கோவாலா ஏறித் தின்னும் மரமாக வளரப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை அது பசியோடு காத்திருக்காது. எனவே இன்று நிற்கும் பெரிய மரங்களை, நல்ல மண்ணில் நிற்கும் மரங்களை, கோவாலா உண்மையில் தேடிவரும் மரங்களை வெட்டாமல் வைத்திருப்பதே முதல் கடமை. அவற்றை இணைக்கும் பாதைகள் இரண்டாவது. வேறிடத்துக்கு மாற்றியே ஆகவேண்டும் என்றால், அந்த விலங்கின் குடல் எந்த இலைக்குப் பழகியது என்று பார்த்து மாற்றுவது மூன்றாவது. இந்த மூன்றையும் செய்யத் தேவையான அறிவு இன்று விஞ்ஞானிகள் கையில் இருக்கிறது. கேப் ஓட்வேயில் 700 உயிர்கள் போனபோது அது முழுதாக இருக்கவில்லை. இனி ஒரு காட்டில் கோவாலா பட்டினியால் செத்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எந்த அரசுக்கும் உரிமை இல்லை.